சிமிட்டும் சிவப்பு விளக்கு

போன ஐப்பசியில் அடைமழை ஓய்ந்த மறுநாள் காலை, காரை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். நேரு வீதி திரும்புவதற்குள் டாஷ்போர்டில் இருக்கிற விளக்குகள் எல்லாம் ஒட்டுமொத்தமாகச் சிமிட்ட ஆரம்பித்துவிட்டன. பேட்டரி படம் போட்ட சிவப்பு, என்ஜின் படம் போட்ட மஞ்சள், ஏ.பி.எஸ்., ஏர்பேக் என்று கொலுப்படிக்கு சீரியல் பல்பு போட்ட மாதிரி. பிரேக்கை மிதித்தால் சிமிட்டல் கூடியது. ஹாரன் அடித்தால் வேகம் காட்டும் முள் ஒரு துள்ளு துள்ளிப் பூஜ்யத்தில் விழுந்தது.

வண்டிக்கு வயது பதினைந்து. எனக்கு எழுபத்து நான்கு. இரண்டு பேரும் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். அங்கிருந்த பையன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, பதினொரு கோளாறு காட்டுகிறது, மீட்டர் போர்டையே மாற்றவேண்டும், 22,000 ரூபாய் ஆகும் என்றான். ஒரே ராத்திரியில் ஒரு வண்டிக்குப் பதினொரு வியாதி வருமா? சாவியை வாங்கிக்கொண்டு மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

இந்தச் சிமிட்டும் விளக்கோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த விளக்கின் கதையைச் சொல்லவேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். பிரெஞ்சில் இந்த எச்சரிக்கை விளக்குக்குப் பெயர் 'வுவாயான்'. அதற்கு நேர் பொருள் 'பார்க்கிறவன்'. குறி சொல்கிறவரையும் அதே சொல்லால்தான் அழைப்பார்கள். வெள்ளைக்கார இங்கிலீஷில், அதுவும் சட்டப் புத்தகங்களில், இதற்கு 'டெல்-டேல்' என்று பெயர். நம் தமிழில் சொன்னால் கோள்சொல்லி. அமெரிக்காக்காரன் வைத்த பெயர் 'இடியட் லைட்', முட்டாள் விளக்கு. குறிசொல்லி, கோள்சொல்லி, முட்டாள். ஒரே பல்புக்கு மூன்று பேர் வைத்த பெயர்கள் இவை. மூன்றிலுமே கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத் தெரிந்தது.

டாஷ்போர்டு என்பதே முதலில் குதிரை வண்டிச் சமாசாரம். குதிரையின் குளம்பு வாரி அடிக்கிற சேறு வண்டியில் இருப்பவர்மேல் படாமல் இருக்க முன்னால் ஒரு பலகை அடித்திருப்பார்கள். அதுதான் டாஷ்போர்டு. குதிரை போய் என்ஜின் வந்த பிறகும் பலகையும் பெயரும் தங்கிவிட்டன. ஆரம்பக் கார்களில் அந்தப் பலகையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆயில் சொட்டுகிறதா என்று பார்க்கச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் இருக்கும், அவ்வளவுதான். முன்விளக்கு எரிந்தது கார்பைடு வாயுவில். நம்மூர்த் திருவிழாவில் தள்ளுவண்டிக்காரர்கள் வைத்திருப்பார்களே, கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவிட்டு எரிக்கிற விளக்கு, அதேதான். ஸ்டார்ட் பண்ணுவது கைப்பிடி போட்டுச் சுற்றி. என்ஜினுக்கு வேண்டிய பொறி மட்டும் மேக்னெட்டோவிலிருந்து வரும். கரெண்டுக்கு வேறு வேலை கிடையாது.

1912-இல் காடிலாக் காரில் எல்லாம் மாறியது. சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சாரத்தால் என்ஜினைச் சுற்றிவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். நாம் 'செல்ஃப்' என்கிறோமே, அது. அவருடைய இயந்திரம் ஸ்டார்ட் பண்ணும்போது மோட்டார், என்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதுவே டைனமோ. வாங்கின கடனை உடனே திருப்பித் தருகிற நாணயஸ்தன். அந்தக் கடனைத் தருகிறது பேட்டரி. ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்துத் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியை 1859-லேயே பாரிசில் காஸ்தோன் பிளாந்தே செய்துவிட்டார். கமீய் ஃபோர் 1881-இல் அதைச் சீர்படுத்தினார். எங்கள் பௌதிக வாத்தியார் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லும்போது, தன் சொந்த அண்ணன் தம்பியைச் சொல்வதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

பேட்டரி வந்ததும் ஒரு கவலையும் கூடவே வந்தது: உள்ளே போகிறதா, வெளியே போகிறதா? அதற்காக டாஷ்போர்டில் அம்மீட்டர் வைத்தார்கள். நடுவில் பூஜ்யம். முள் ஒரு பக்கம் சாய்ந்தால் வரவு, மறு பக்கம் சாய்ந்தால் செலவு. என்னைப்போல் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு இதைவிடத் தெளிவான கருவி வேறில்லை. ஆனால் எல்லாரும் கணக்குப் பிரிவு இல்லையே. முள்ளை யாரும் பார்ப்பதில்லை என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. அம்மீட்டருக்கு விலையும் அதிகம், வண்டியின் கரெண்டு முழுக்க அதன் வழியாகப் போகவேண்டியதால் தடித்த வயரும் வேண்டும். 1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் கம்பெனி டைனமோவுக்கும் ஆயில் அழுத்தத்துக்கும் மீட்டருக்குப் பதிலாகச் சின்னச் சின்ன விளக்குகளை வைத்துவிட்டது. எரிந்தால் கெட்டது, எரியாவிட்டால் நல்லது. மீட்டர் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். அதனால்தான் முட்டாள் விளக்கு என்று கேலி செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்துவிட்டன.

இப்போது அந்தச் சிவப்பு விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். இதுதான் கதையின் மர்மமான இடம்.

அந்த பல்பின் ஒரு கால் சாவி வழியாகப் பேட்டரியில் இருக்கிறது. இன்னொரு கால் டைனமோவில். சாவியைப் போட்டு, என்ஜின் ஓடாமல் இருக்கும்போது டைனமோ பக்கம் ஒன்றுமில்லை, பேட்டரி பக்கம் 12 வோல்ட். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி கரெண்டு பல்பு வழியாகப் பாய்கிறது. டைனமோவுக்குள் புகுந்து, அதன் உடம்பு வழியாக என்ஜினுக்கு வந்து, அங்கிருந்து பேட்டரிக்குத் திரும்புகிறது. விளக்கு எரிகிறது. என்ஜின் ஓடி டைனமோ சுற்றியதும் அந்தப் பக்கமும் மட்டம் ஏறுகிறது. இரண்டு பக்கமும் சமமானால் பாய்ச்சல் இல்லை, விளக்கு அணைகிறது.

அதாவது, எரிகிற விளக்கு 'பேட்டரி கெட்டுவிட்டது' என்று சொல்லவில்லை. 'இரண்டு பக்கமும் சமமாக இல்லை' என்று மட்டும் சொல்கிறது. அணைந்த விளக்கு அதைவிடக் குழப்பம். இரண்டு பக்கமும் சமம் என்றாலும் அணைந்திருக்கும். பல்பு பீஸ் போயிருந்தாலும் அணைந்திருக்கும். கரெண்டு திரும்பிப் போக வழியே இல்லை என்றாலும் அணைந்திருக்கும். மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் பழைய டிரைவர்கள் சாவியைப் போட்டதும் உடனே செல்ஃப் அடிக்காமல், சிவப்பு எரிகிறதா என்று ஒரு கணம் பார்ப்பார்கள்.

திரும்பிப் போகிற வழி என்றேன். வீட்டில் விளக்குக்கு இரண்டு வயர் போகும். காரில் ஒன்றுதான். திரும்புகிற வழிக்குத் தனி வயர் போடாமல் வண்டியின் இரும்பு உடம்பையே பயன்படுத்திக்கொண்டார்கள். பாதிச் செம்பு மிச்சம். இங்கிலீஷ்காரன் இதை எர்த் என்பான், அமெரிக்காக்காரன் கிரவுண்டு என்பான், பிரெஞ்சில் 'மாஸ்'. பெயர்தான் எர்த்தே தவிர பூமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான்கு ரப்பர் டயரின் மேல் நிற்கிற வண்டிக்குப் பூமி ஏது?

ரப்பர் இன்னொரு இடத்திலும் வந்தது. பழைய என்ஜின்கள் வண்டியை ஆட்டு ஆட்டென்று ஆட்டும். 1931-இல் கிரைஸ்லர் கம்பெனி என்ஜினை ரப்பர் மெத்தைகள்மேல் மிதப்பதுபோல் உட்காரவைத்தது. அந்த உரிமையை வாங்கிய சிட்ரோயன், 1932-இல் தன் கார்களின் முகப்பில் நீந்தும் அன்னப்பறவைச் சின்னத்தையே வைத்தது. மிதக்கும் என்ஜின் என்று அதற்குப் பெயர். பயணம் சுகமாயிற்று. ஆனால் ரப்பரில் கரெண்டு போகாது. அதனால் என்ஜின் ஒரு தீவாகிவிட்டது. தீவையும் கரையையும் இணைக்க ஒரு பாலம் வேண்டும். அதுதான் எர்த் பட்டை. செம்புக் கம்பிகளைப் பின்னி, இரண்டு முனையிலும் வளையம் வைத்து, ஒரு முனையை என்ஜினிலும் மறு முனையை உடம்பிலும் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். வண்டியிலேயே மலிவான சாமான்களில் ஒன்று. கண்ணில் படாத இடத்தில் இருக்கும். நம்மூர்க் கடல் காற்றுக்கு அது பச்சைப் பூத்து, ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே வரும்.

இனி அந்தப் பழைய கணக்கு.

1984-இல் நான் ஒரு அரசுத் துறையில் குமாஸ்தா. துறையின் பெயர் வேண்டாம். அங்கிருந்த டீசல் ஜீப்பின் லாக்புக், டீசல் கணக்கு, ரிப்பேர் பில் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஜீப்பை ஓட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிரெஞ்சு படித்தவன் என்பதால் என்னை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார், பாதி மரியாதை, பாதி கிண்டல். அவர் அந்த வருஷம் மூன்று மாதத்துக்குள் மூன்று மனு எழுதிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டி எழுதிய தமிழ். ராத்திரியில் ஹெட்லைட் போட்டால் டைனமோ லைட் சிமிட்டுகிறது. செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது என்ஜினை நிறுத்துகிற இழுகம்பி கைவைக்க முடியாதபடி சுடுகிறது.

படித்துவிட்டு எங்கள் பிரிவில் எல்லாரும் சிரித்தோம். விளக்கு சிமிட்டுவதற்கும் நிறுத்துகிற கம்பி சுடுவதற்கும் என்ன சம்பந்தம்? ராத்திரி டியூட்டிக்குப் போகாமல் இருக்க ஆள் காரணம் தேடுகிறார் என்பது அதிகாரியின் கருத்து. இரண்டு தடவை மெக்கானிக் வந்து பார்த்தபோது, பகல் வெளிச்சத்தில் விளக்கு சிமிட்டவும் இல்லை. 'மேல்நடவடிக்கை தேவையில்லை, கோப்பில் வைக்கலாம்' என்று மூன்று மனுவிலும் குறிப்பு எழுதியவன் நான். அப்போதுதான் இங்கிலீஷ் ஃபைல் பாஷையில் கை தேர்ந்திருந்தேன். அழகாகவே எழுதியிருப்பேன்.

மூன்று அடையாளமும் ஒரே வியாதியுடையவை என்று இன்று சொல்ல முடிகிறது. எர்த் பட்டை இற்றுப்போனால் டைனமோவின் கரெண்டு திரும்ப வழியில்லாமல் தடுமாறும், விளக்கு சிமிட்டும். செல்ஃபுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அதற்கும் வழி இல்லாததால் இழுத்து இழுத்து எடுக்கும். பாலம் இடிந்தால் ஆற்றைக் கடக்க ஜனங்கள் ஒற்றையடி மரப்பாலத்தில் முண்டியடிப்பார்களே, அதுபோல, என்ஜினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டிருக்கிற அந்த மெல்லிய இழுகம்பி வழியாக அவ்வளவு கரெண்டும் பாயப் பார்க்கும். கம்பி பழுக்கக் காயாமல் என்ன செய்யும்? வண்டி மின்சாரம் தெரிந்த எவரும் அந்த ஒரு வரியைப் படித்ததும் எர்த் பட்டையைத்தான் தேடியிருப்பார்கள். டிரைவர் தன் கை சுட்டதை எழுதினார். ஆம்பேரையும் பிளாந்தேயையும் பரீட்சையில் எழுதித் தேறிய நான் அதைக் கோப்பில் வைத்தேன்.

கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி, மெட்ராசிலிருந்து அதிகாரியோடு ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு வரை விளக்கு சிமிட்டியபடியே வந்திருக்கிறது. மதுராந்தகம் தாண்டியதும் நின்றுவிட்டது. விளக்கு சுத்தமாக அணைந்துவிட்டது. டீசல் என்ஜினுக்குப் பொறி வேண்டாம், கரெண்டு இல்லாமலே ஓடும். ஆகவே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. திண்டிவனத்தில் ஹெட்லைட் மங்கலாகத் தெரிகிறதே, தங்கிவிட்டுக் காலையில் போகலாமா என்று டிரைவர் கேட்டிருக்கிறார். மறுநாள் காலை மீட்டிங் இருந்தது. கிளியனூர் தாண்டி எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்து போனது. அது போன பிறகு டிரைவரின் கண்ணுக்கு ரோடே இல்லை. ஜீப் புளியமரத்தில் மோதியது. அதிகாரிக்குச் சிராய்ப்பு. டிரைவருக்கு இடது முழங்கால் நொறுங்கிவிட்டது.

விசாரணை நடந்தது. பிரேக், ஸ்டியரிங் இரண்டும் சரியாக இருந்ததாக அறிக்கை. மின்சாரப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. டிரைவரின் மூன்று மனுக்களும் மேஜைமேல் இருந்தன. அவரிடம் கேட்ட கேள்வி: மோதுவதற்கு முன்னால் அந்த எச்சரிக்கை விளக்கு எரிந்ததா? இல்லை சார், மதுராந்தகத்திலேயே நின்றுவிட்டது என்றார். அப்படியானால் கோளாறு நீங்கிவிட்டது என்றுதானே பொருள்? நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றார். அதோடு முடிந்தது. விளக்கு எரியவில்லை என்று டிரைவரே ஒப்புக்கொண்டதால் வண்டியில் குறை இருந்ததாகக் கொள்ள முடியாது, அசதியில் கவனக்குறைவாக ஓட்டியதே காரணம் என்று முடிவாகி, இரண்டு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டது. அந்தக் குறிப்பையும் நான்தான் எழுதினேன். கால் மடங்காததால் அதன்பிறகு அவர் டிரைவர் வேலை பார்க்கவில்லை. ரெக்கார்டு ரூமில் போட்டார்கள்.

அதற்குள் உலகம் அந்த விளக்கை எங்கேயோ கொண்டுபோயிருந்தது. டைனமோவின் இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்தது. 1960-இல் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில்தான் முதல்முதலாகச் சாதாரண ஜனங்கள் வாங்குகிற வண்டியிலேயே அதை வைத்துக் கொடுத்தார்கள். நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அது ஆல்டர்னேட்டரோடே வந்தது. பல ஆல்டர்னேட்டர்களில் இந்த பல்பு வழியாகப் போகிற சிறு கரெண்டுதான் முதலில் அதைத் தட்டி எழுப்புகிறது. பல்பு பீஸ் போனால் சார்ஜே ஏறாமல் போகலாம். ஆக, வேடிக்கை பார்த்துக் குறி சொன்னவரையே பூசை செய்யவும் வைத்துவிட்டார்கள். 1974-இல் வந்த சிட்ரோயன் சி.எக்ஸ். காரில் பெரிய சிவப்பு எழுத்தில் 'ஸ்டாப்' என்றே ஒரு விளக்கு இருந்தது. எல்லா நாட்டுக்காரர்களுக்கும் புரிய வேண்டுமென்று ஐ.எஸ்.ஓ. படங்களை வகுத்துக் கொடுத்தது. சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனி, பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று போட்டிருக்கிறாய் என்று நினைவூட்ட. கம்ப்யூட்டர் வந்தபின் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வந்தது. புகை அளவைக் கண்காணிக்கக் கலிபோர்னியாவில் 1988 மாடல் வண்டிகளிலிருந்து, அமெரிக்கா முழுவதும் விரிவான வடிவத்தில் 1996-லிருந்து, நம் நாட்டில் 2010, 2013 என்று இரண்டு கட்டமாக. பட்டறைப் பையன் செருகிப் பார்த்தானே, அது இந்தக் கண்காணிப்பின் வாசல்.

இந்த இடத்தில் உபயோகமாக இரண்டு சொல்லிவிடுகிறேன். ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு சிமிட்டினால் வண்டியை உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். அது ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. மீட்டர் போர்டு சந்தேகம், வயர் சந்தேகம் எல்லாம் பிறகு, முதலில் டிப்ஸ்டிக். என்ஜின் படம் போட்ட மஞ்சள் நிலையாக எரிந்தால் ஒரு நாள் பொறுத்துக் காட்டலாம். சீராக விட்டு விட்டு எரிந்தால் என்ஜின் தப்பித் தப்பி எரிகிறது, எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள விலையுயர்ந்த வடிகட்டியைச் சுட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து விளக்குகள் தாறுமாறாக ஒன்றாகச் சிமிட்டினால் அவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக நம்பவேண்டாம். எல்லாருக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்கும். ஒன்று பேட்டரியிலிருந்து வருகிற வழி, அல்லது திரும்பிப் போகிற வழி.

என் காருக்கு வருகிறேன். பக்கத்துத் தெருவில் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன் பையன் ஒருவன் இருக்கிறான். மல்டிமீட்டரோடு வந்தான். என்ஜின் அணைத்த நிலையில் பேட்டரி 12.5 வோல்ட், ஓடும்போது 14.1. இரண்டும் சரியான அளவுதான். எர்த் வழியை ஓம் அளவில் வைத்துப் பார்க்கலாம் என்றான். வேண்டாம் தம்பி, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது சரி என்றுதான் காட்டும், பாரம் ஏற்றிப் பார் என்றேன். ஹெட்லைட், ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டோம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையைச் சுரண்டிய உடம்பு இரும்பிலும் வைத்தான். நல்ல வண்டியில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டும். 0.9 வோல்ட் காட்டியது. பையன் பட்டையைக் கையால் ஆட்டினான். எண் தாவித் தாவி ஓடியது, உள்ளே டாஷ்போர்டும் கூடவே ஆடியது. பட்டையின் மேல் சாதாரணமாகத்தான் தெரிந்தது. போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சையும் துருவுமாக, மாவுபோல் உதிர்ந்தது.

பட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்தைப் பையன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். சும்மா ஒரு யோசனையில் நான் உள்ளே கை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட இல்லை. அவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பாருங்க தாத்தா, ஒரு விளக்கும் எரியல. எல்லாம் சரியாயிடுச்சு!"

வேடிக்கைக்குத்தான் சொன்னான். நான் போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மதுராந்தகம் தாண்டி நின்றது விளக்கு. நின்றதனால் குறை இல்லை என்று எழுதினோம். குறை முழுசானதால்தான் அது நின்றது. பட்டை அங்கேதான் கடைசி இழையும் விட்டிருக்கிறது. டைனமோவுக்குத் திரும்பும் வழி அற்றுப்போய், ஏற்கெனவே பல நாளாக அரைவயிற்றுச் சார்ஜில் இருந்த பேட்டரி மட்டும் ஹெட்லைட்டைச் சுமந்துகொண்டு கிளியனூர் வரை வந்து செத்திருக்கிறது. அவருக்கு எதிராக நாங்கள் வைத்த ஒரே சாட்சி அவருக்கு ஆதரவான சாட்சி. நாற்பது வருஷமாக அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறதோ, கரையான் தின்றதோ.

புதுப் பட்டை 250 ரூபாய். பையன் கைக்கூலி 300. முடுக்கிய இடத்தில் வாசலைன் தடவச் சொன்னேன். மறுபடி பாரம் ஏற்றிப் பார்த்தபோது 0.03 காட்டியது. விளக்குகள் அடங்கிவிட்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியிலேயே அரியாங்குப்பம் போனேன். டிரைவர் இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. இடது காலை நீட்டியபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வாங்க முசியே" என்றார், நேற்றுப் பார்த்துப் பிரிந்ததுபோல. காபி வந்தது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பேட்டரி, டைனமோ, பல்பு, பட்டை எல்லாம் வரைந்து காட்டினேன். பென்சிலால் பட்டையை அழித்துவிட்டு, இப்போது கரெண்டு எப்படித் திரும்பும் பாருங்கள் அண்ணே என்றேன்.

அவர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் கம்பி சுட்டதும்?"

"அதுவும் இதேதான்."

"மூணு தடவை எழுதிக் கொடுத்தேனே."

"கொடுத்தீங்க. நான்தான் படிச்சேன்."

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு விளக்கு நின்னதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு முசியே. அப்பாடான்னு ஒரு பீடிகூடப் பத்தவச்சேன். அதனாலதான் அசந்துட்டேனோன்னு இத்தனை நாளா..." என்று நிறுத்திவிட்டார். பிறகு, இதை எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். யாருக்கு அண்ணே, டிபார்ட்மென்டுக்கா என்றேன். இல்லை, என் பையனுக்கு, அப்பா தூங்கிக்கொண்டே ஓட்டி மரத்தில் விட்டார் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றார்.

அங்கேயே ஒரு முழுத்தாள் வாங்கி, தமிழில், படத்தோடு எழுதினேன். மூன்று மனு கொடுத்தது, யார் குறிப்பு எழுதியது, விளக்கு ஏன் நின்றது எல்லாம். கீழே என் பெயர், வகித்த பதவி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் அதை இரண்டாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகினார்.

கிளம்பும்போது தடியை ஊன்றிக்கொண்டு கார் வரைக்கும் வந்தார். கண்ணாடியை இறக்கச் சொல்லித் தலையை உள்ளே விட்டார். "சாவியை மட்டும் போடுங்க, செல்ஃப் அடிக்காதீங்க" என்றார். போட்டேன். சிவப்பும் மஞ்சளுமாக எல்லாம் எரிந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இப்ப எடுங்க." என்ஜின் ஓடியது, விளக்குகள் அணைந்தன. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஒன்றும் சிமிட்டவில்லை.

"சரி, போயிட்டு வாங்க" என்று கதவைத் தட்டினார்.